புதுப்பிப்பு: தொட்டிப்பாலத்தைக் கடந்துவிட்டோம்
வெயிலும் மழையும் மாறி மாறி வரும் ஏப்ரலில், வேல்ஸின் போன்ட்கசில்தே தொட்டிப்பாலத்தை (ஆற்றுக்கு மேலே படகுக் கால்வாயைச் சுமந்து செல்லும் பாலம்) வாடகைப் படகில் கடக்கலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். கடந்துவிட்டோம்!

சர்க் என்ற ஊரில் கிளம்பும்போது நல்ல வெயில். சுமார் 420 மீட்டர் கால்வாய்ச் சுரங்கத்தைத் தாண்டி வெளியே வந்தால் ஆலங்கட்டி மழை. சுக்கான் பிடித்த விரல்கள் விறைத்துவிட்டன.

அப்புறம் பாலம். 1805இல் திறந்த இரும்புத் தொட்டி அது. ஒரு பக்கம் நடைபாதை, கம்பி வேலி. மறுபக்கம் விரலளவு விளிம்புதான். எட்டிப் பார்த்தால் 38 மீட்டர் கீழே டீ ஆறு. தொட்டி குறுகலானதால் காற்றடித்தும் படகு எங்கேயும் போகவில்லை, ஓரத்தை உரசிக்கொண்டே ஊர்ந்தது. மெதுவாகப் போகச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

பாலத்தைத் தாண்டி ட்ரெவர் என்ற ஊரில் படகைக் கட்டும்போது மறுபடியும் வெயில். ஈரக் கயிற்றிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது.