பழைய நிலைக்குத் திரும்பினால் இயற்பியல் மாற்றமா? உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

பதிவு 1
அம்மோனியம் குளோரைடு பதங்கமாதல் (திண்மம் உருகாமலே ஆவியாதல்) எல்லோரும் பார்த்ததுதான். சூட்டில் வெண்புகை, குழாயின் மேற்பகுதியில் மறுபடி வெண்பொடி. இயற்பியல் மாற்றம் என்று எழுதினால் மதிப்பெண் உண்டு. ஆய்வகத்தில் உடன் பணிபுரிந்தவர் குழாயின் நடுவே கண்ணாடிக் கம்பளியை அடைத்து, வாயருகே ஈரமான லிட்மஸ் தாள்கள் இரண்டை, சிவப்பு ஒன்றும் நீலம் ஒன்றுமாக, பிடித்தார் (காரம் பட்டால் நீலமாகும், அமிலம் பட்டால் சிவக்கும்). சிவப்புத் தாள் நீலமானது! சற்று நேரத்தில் இரண்டு தாள்களுமே சிவந்தன. உப்பு இரண்டாகப் பிரிந்து, மூலக்கூறு எடை 17 உள்ள அம்மோனியா (காரம்) முந்திக்கொள்ள, 36.5 உள்ள ஹைட்ரஜன் குளோரைடு (அமிலம்) பின்தங்கி வந்திருக்கிறது. மேலே படிவது அவை மீண்டும் கூடி உண்டாகும் பொடி. இதை எப்படி இயற்பியல் மாற்றம் என்பது?

பதிவு 2
எனக்கு நேர்மாறாக நடந்தது. துத்தநாக ஆக்ஸைடு சூட்டில் மஞ்சளானதும், "நிறம் மாறிவிட்டது, வேதிவினைதான்" என்று மாணவி ஒருத்தி அடித்துச் சொன்னாள். சுடரை அணைத்தேன். ஓரத்திலிருந்து உள்நோக்கி மஞ்சள் வெளுத்துக்கொண்டே வந்தது. அவள் ஒன்றும் பேசவில்லை. நிறத்தை மட்டும் நம்பக் கூடாது.

பதிவு 3
பதிவு 2 எழுதியவருக்கு: அந்த மாணவியை அவ்வளவு எளிதாக மறுத்திருக்க வேண்டாம். சூடேறும்போது துத்தநாக ஆக்ஸைடின் படிகம் மிகச் சிறிதளவு ஆக்ஸிஜனை இழக்கிறது, ஆறும்போது திரும்பப் பெறுகிறது. அவளுக்கு இதைச் சொல்லியிருக்கலாம்.
என் அனுபவம் சிறியது. மயில்துத்தத்தை (படிகத்துக்குள் நீர் உள்ள நீலக் காப்பர் சல்பேட்) சூடாக்கி, வெளுத்த பொடி ஆறிய பிறகு சில சொட்டு நீர் விட்டேன். நீலம் திரும்பியது, கூடவே குழாய் கையைச் சுட்டது. திரும்பி வந்தாலும் அது வேதிவினைதான்.
செய்து பார்ப்பவர்கள் குழாயின் வாயைச் சற்றுத் தாழ்த்திப் பிடியுங்கள். வெளியேறும் நீர் சூடான அடிப்பகுதிக்கு வழிந்தால் கண்ணாடி விரிசல் விடும். மெதுவாகச் சூடாக்குங்கள். பொடி கறுத்தால் காப்பர் ஆக்ஸைடு வந்துவிட்டது, புகையை முகராதீர்கள். முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள்: 100 கிராமில் ஏறத்தாழ 36 கிராம் நீராகவே போயிருக்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணிய மறக்க வேண்டாம்.

பதிவு 4
கரைதலை யாரும் தொடவில்லையே. சோடியம் குளோரைடில் அயனிகள் (மின்சுமை கொண்ட துகள்கள்) முன்பே இருக்கின்றன, நீர் அவற்றைப் பிரித்தெடுக்கிறது. ஹைட்ரஜன் குளோரைடு வாயுவோ நீரில் கரையும்போதுதான் அயனிகளாகிறது. "கரைதல் எவ்வகை மாற்றம்?" என்ற வினாவுக்கு ஒரு மாணவர் விடை எழுதாமல், "எதைக் கரைக்கிறோம்?" என்று ஓரத்தில் கேட்டிருந்தார். விடைக்குறிப்பின்படி மதிப்பெண் கிடையாது. நான் முழு மதிப்பெண் கொடுத்தேன்.