ட்ரக் கேம்பர் ஏத்தணும், டிரெய்லரும் இழுக்கணும். எது வாங்கலாம்? (அவசரம்)

கூடாரம்_வேண்டாம்
வணக்கம். எங்கிட்ட ஃபோர்டு ட்ரக் இருக்கு, ட்ரக் கேம்பர் (ட்ரக் பின்தட்டுல ஏத்தி வைக்கற தங்கும் கூண்டு) வாங்கலாம்னு இருக்கேன். டிரெய்லரையும் கூடவே இழுத்துட்டுப் போகணும், அதை வீட்ல விட்டுட்டுப் போற பேச்சே இல்ல. டீலர் காட்டின கேம்பர் 2,480 பவுண்டுதானாம், பாத்ரூம்கூட தனியா இருக்கு. ட்ரக் 12,000 பவுண்டுக்கு மேல இழுக்கும்னு போட்டிருக்கு, அப்ப தாங்கும்ல? கேம்பர் பம்பரைத் தாண்டி பின்னாடி நீளுது. டிரெய்லரை மாட்டற ஹிட்ச்சுக்கு என்ன பண்றது? வெள்ளிக்கிழமைக்குள்ள அட்வான்ஸ் கட்டணும். சீக்கிரம் சொல்லுங்க.

நட்டு_போல்ட்டு
எந்த ஃபோர்டு? 150-யா, 250-யா, 350-யா? பெட் (பின்தட்டு) எத்தனை அடி? டிரெய்லர் என்ன டிரெய்லர்?

ஆக்சில்_அண்ணாச்சி
வாரத்துக்கு ஒருத்தர் இப்படி வர்றீங்க. இழுக்கற திறன் வேற, சுமக்கற திறன் வேற. கேம்பர் சுமை. டிரெய்லரோட நாக்கு எடையும், அதாவது அதோட முன்முனை ஹிட்ச் மேல அழுத்தற எடையும், சுமைதான். டிரைவர் கதவைத் திறந்தா மஞ்சள்-வெள்ளை ஸ்டிக்கர் ஒண்ணு இருக்கும். ஆளும் சரக்கும் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல போகக்கூடாதுன்னு அதுல எழுதியிருக்கும். அதைப் படிக்காம அட்வான்ஸ் கட்டறவங்களுக்கு யாரும் உதவ முடியாது.

ஸ்காபரோ_பெடியன்
அண்ணை, டிரெய்லர் ஐந்தாம் சக்கர வகையோ, கூஸ்நெக்கோ எண்டால் இந்தக் கதையே வேண்டாம். அதின்ரை கொக்கி பெட்டுக்குள்ளைதான் இருக்கும், கேம்பரை எங்கை வைப்பியள்? பம்பருக்குக் கீழை மாட்டிற டிரெய்லர் எண்டால் மட்டும் மேலை கதைக்கலாம்.

டர்போ_தம்பி
எஃப்-250-ஆ இருந்தா கவலையே படாதீங்க ப்ரோ. பின் ஸ்பிரிங்குக்கு முட்டுக் கொடுக்கற ஏர்பேக் (காத்துப் பை) மாட்டுங்க, 80 பிஎஸ்ஐ டயர் போடுங்க, முடிஞ்சுது. 350-க்கும் அதுக்கும் ஸ்டிக்கர்தான் வித்தியாசம்.

கேம்பர்_கோமதி
தம்பி, ஏர்பேக் பின்பக்கம் தொங்கறதை நிமிர்த்தும், அவ்வளவுதான். அச்சு, பிரேக், சக்கரம் எதுவும் அதனால பலமாகாது. ஸ்டிக்கர்ல இருக்கற எண்ணும் ஏறாது.

கேட்டவர் டிரெய்லர் எடை, பெட் நீளம், ஸ்டிக்கர் எண் மூணும் சொல்லட்டும். அதுக்கு முன்னாடி எது சொன்னாலும் ஜோசியம்தான்.

கூடாரம்_வேண்டாம்
சாரி, ஆபீஸ்ல இருந்தேன். 2019 எஃப்-250, பெட்ரோல் 6.2, க்ரூ கேப், 4x4, பெட் 6.75 அடி. ஸ்டிக்கர் 3,012. டிரெய்லர்ல போட் இருக்கு, 21 அடி, எல்லாம் சேர்த்து 4,800 பவுண்டு. நாங்க மூணு பேர்.

கேம்பர்_கோமதி
இதை முதல்லயே போட்டிருந்தா பாதி இழை மிச்சமாகியிருக்கும். கணக்கு இதோ, எல்லாம் பவுண்டு.

டீலர் சொன்ன 2,480 காலி எடை. ஏசி, ஆனிங் (வெளிய விரிக்கற நிழல் துணி), ஜெனரேட்டர் மாதிரி கூடுதல் சாமான் 250. தண்ணி 40 கேலன், கேலனுக்கு 8.34 வீதம் 334. ப்ரோபேன் சிலிண்டரும் பேட்டரியும் 120. மூணு பேர் 450. துணிமணி, சாப்பாடு, தூண்டில் சாமான் 200. டிரெய்லர் நாக்கு எடை பத்து சதவீதம்னு வச்சா 480. மொத்தம் 4,314, உங்க ஸ்டிக்கரை விட 1,302 அதிகம்.

அதே வண்டில கூரை மடங்கற பாப்அப் கேம்பர் வச்சுப் பாருங்க. காலி எடை 1,150, கூடுதல் 250, 20 கேலன் தண்ணி 167, சிலிண்டர்-பேட்டரி 60, ஆட்கள் 450, சாமான் 150, நாக்கு 480. மொத்தம் 2,707, இன்னும் 305 மிச்சம். தனி பாத்ரூம் கிடைக்காது, பெட்டிக் கழிப்பறைதான். அந்தப் பெரிய கேம்பர்தான் வேணும்னா பின்னாடி நாலு டயர் உள்ள எஃப்-350-க்கு மாறணும். நடுவுல வேற வழி எனக்குத் தெரிஞ்சு இல்ல.

போட் டிரெய்லர்ல நாக்கு எடை பத்து சதவீதத்துக்குக் கீழயும் இருக்கலாம், அதனால தராசு வச்சே பாருங்க. ரொம்பக் குறைஞ்சா டிரெய்லர் வால் ஆட்டும்.

டர்போ_தம்பி
டயர் கணக்கு சொல்றேன். எல்டி275/70ஆர்18 ஈ ரகம் ஒண்ணு 3,640 பவுண்டு தாங்கும், ரெண்டு டயருக்கு 7,280. பின் அச்சுக்கு அது போதாதா?

ஆக்சில்_அண்ணாச்சி
டயர் தாங்கினா அச்சு தாங்கும்னு எவன் சொன்னான்? கதவுல பின் அச்சோட வரம்பும் தனியா எழுதியிருக்கு. சங்கிலில மெலிஞ்ச கண்ணிதான் கணக்கு. பெட்ரோல் முழுசா நிரப்பி, ஆளெல்லாம் ஏறி, லாரி நிறுத்தத்துல இருக்கற CAT ஸ்கேல்ல (எடை மேடை) வெறும் ட்ரக்கை ஒரு தடவை நிறுத்துப் பாருங்க. முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு மூணையும் தனித்தனியா காட்டும்.

டர்போ_தம்பி
ஊர்ல பாதிப் பேர் 250-ல பெரிய கேம்பர்தான் ஓட்டறாங்க. ஒண்ணும் ஆகல.

ஆக்சில்_அண்ணாச்சி
பாதிப் பேர் சீட் பெல்ட்டும்தான் போடறதில்ல.

ஸ்காபரோ_பெடியன்
ரெண்டு பேரும் சண்டையை விடுங்கோ. ஹிட்ச் கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்லை.

பெரிய கேம்பர் எண்டால் தரை நீளம் 9.5 அடி வரும். உங்கடை பெட்டுக்கு வெளியிலை 33 அங்குலம் நிக்கும், அதிலை பம்பர் கொஞ்சத்தை விழுங்கும். ஹிட்ச்சை வெளியிலை கொண்டுவர நீட்டுக் குழாய் போட்டால் அதின்ரை தாங்குதிறன் குறையும். சாதாரண நீட்டுக் குழாயிலை பாதியாப் போகும். கேம்பருக்கெண்டே வாற ரெட்டைக் குழாய் ரிசீவர் தனி, ஆனால் அதிலையும் நீளம் கூடக் கூட எண் இறங்கும், அட்டவணையைப் பாத்து வாங்குங்கோ.

நெம்புகோல் கணக்கையும் மறக்காதேங்கோ. சக்கர இடைவெளி 160 அங்குலம், பின் அச்சிலை இருந்து ஹிட்ச் பந்து 60 அங்குலம் எண்டு வைப்பம். 480 பவுண்டு நாக்கு முன் அச்சிலை இருந்து 180 பவுண்டைத் தூக்கும். 36 அங்குலம் நீட்டினால் 288 தூக்கும், பின் அச்சிலை 768 ஏறும். ஸ்டியரிங் லேசாகும். எடைப் பங்கீட்டு ஹிட்ச் (நாக்கு எடையை முன் அச்சுக்கும் பகிர்ந்து குடுக்கிறது) போடலாம் எண்டு ஆரும் சொன்னால், நீட்டுக் குழாய் செய்தவர் அனுமதிச்சிருக்கிறாரோ எண்டு பாருங்கோ. போட் டிரெய்லரிலை சர்ஜ் பிரேக் (டிரெய்லர் முன்னாலை தள்ளுற விசையிலை பிடிக்கிறது) இருந்தால் கப்ளர், அதாவது பந்திலை மாட்டிற முனை, முன்னும் பின்னும் நகரவேணும், பல பங்கீட்டு ஹிட்ச்சுகள் அதோடை ஒத்துவராது.

நீட்டினால் பாதுகாப்புச் சங்கிலியையும் லைட்டுக்குப் போற ஏழு முள் வயரையும் சேத்து நீட்டவேணும். சங்கிலியை விட்டிட்டு ஓடுற ஆக்கள் இருக்கினம்.

கேம்பர்_கோமதி
நல்லா சொன்னீங்க. ஒண்ணு சேர்க்கறேன். போட் டிரெய்லரோட நாக்கு மெலிசா, தாழ்வா இருக்கும். கேம்பர் கொஞ்சமா வெளிய நின்னா அது அடியிலயே புகுந்து போயிடும், நீட்டிப்பே வேண்டியிராது. இடிக்கறது நாக்குல நிமிர்ந்து நிக்கற ஜாக்தான், மடங்கற ஜாக்கா மாத்திக்கலாம்.

வளைவுல இடிக்காம இருக்கணும்னா பந்துல இருந்து கேம்பரோட பின்மூலைக்கு உள்ள தூரத்தை விட, பந்துல இருந்து வின்ச் கம்பத்துக்கும் (போட்டை இழுத்துக் கட்டற கம்பம்) போட் மூக்குக்கும் உள்ள தூரம் அதிகமா இருக்கணும். பந்தைத் தாண்டி 18 அங்குலம் நீண்டு, அரை அகலம் 45 அங்குலம்னா மூலை 48.5 அங்குலத்துல இருக்கு. போட் உடம்பு பின்னால அகலமாகுதே, அதுக்கும் இடம் விடுங்க. உயரத்தை கேஸ் ஸ்டேஷன் வாசல் மாதிரி ஏத்தத்துல சோதிங்க: ட்ரக் மூக்கு ஏறும்போது கேம்பரோட வால் நாக்கு மேல இறங்கும். படகுத் துறைச் சரிவுல இதுக்கு நேர்மாறு, அங்க இடைவெளி விரியும். ஆனா பின்கண்ணாடி மறைஞ்சுடும், கேம்பர் முதுகுல ஒரு கேமரா மாட்டாம துறைல இறக்காதீங்க.

நட்டு_போல்ட்டு
2017 மாடல்ல இருந்து வந்த சூப்பர் டியூட்டி (எஃப்-250, 350 வரிசை) பெட் அலுமினியம். கேம்பரைக் கட்டற கொக்கியை பெட்ல போல்ட் போட்டா அடியில அகலமான தகடு வைங்க, இல்லைன்னா ஃப்ரேம்ல மாட்டற டை டவுன் வாங்குங்க. அடியில ரப்பர் விரிப்பு கட்டாயம், இல்லைன்னா கேம்பர் பெட்ல வழுக்கும். முதல் அம்பது மைல்ல ஒரு தடவை நிறுத்தி டர்ன்பக்கிள் (கட்டை இறுக்கற திருகு) எல்லாத்தையும் இறுக்கிப் பாருங்க. கேம்பர்ல எடைமையப் புள்ளி குறிச்சிருக்கும், அது பின் அச்சுக்கு முன்னாடி விழணும்.

லைட்டுக்கு பெட்ல ஒரு ஏழு முள் சாக்கெட், பம்பர்ல ஒண்ணு. ஒரே சாக்கெட்ல பிரிச்சு ரெண்டுக்கும் கொடுத்தா ஃப்யூஸ் போகும், குறிப்பா டிரெய்லர்ல பழைய பல்பு இருந்தா.

கூடாரம்_வேண்டாம்
பாப்அப்தான். அட்வான்ஸ் கட்டல. பெட் சுவர் உயரமா இருக்கு, கேம்பர் உக்காராதுன்னு ஒருத்தர் சொல்றார். அடியில ஃபோம் போடணுமா? எத்தனை இஞ்ச்?

கேம்பர்_கோமதி
அளந்துதான் சொல்லணும். கேம்பர் தரையில இருந்து, பெட் சுவருக்கு மேல நீளற இறக்கையோட அடிப்பாகம் வரைக்கும் ஒரு அளவு, பெட் தரையில இருந்து சுவர் உச்சி வரைக்கும் ஒரு அளவு. சுவருக்கு மேல குறைஞ்சது 1 அங்குலம், கேபின் கூரைக்கு மேல 2-3 அங்குலம் இடம் வேணும். குறையற அளவுக்கு கட்டட வேலைக்கு விக்கற 25 பிஎஸ்ஐ எக்ஸ்பிஎஸ் (கெட்டி ஃபோம்) பலகை போட்டு, மேல ப்ளைவுட், அதுக்கு மேல ரப்பர் விரிப்பு. வெள்ளைத் தெர்மாகோல் வாங்கிடாதீங்க, நசுங்கிடும். நசுங்கினா கட்டு தளரும்.

டர்போ_தம்பி
ஏர்பேக் போட்டா ஃபோமே வேண்டாம்.

ஆக்சில்_அண்ணாச்சி
ஏர்பேக் பெட்டுக்குக் கீழ இருக்கு தம்பி. கேம்பர் பெட்டுக்கு மேல இருக்கு.