ஏலகிரி சாகச முகாமுக்குப் பதினோராம் வகுப்பைக் கூட்டிப்போகிறேன். உயரத்துக்குப் பயப்படும் பிள்ளையை என்ன செய்வது?

ஆம்பூர் டீச்சர்:
வணக்கம். ஆம்பூர் பக்கம் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பதினோராம் வகுப்பு ஆசிரியை நான். மொத்தம் 42 பேர், ஐந்து பள்ளிகளிலிருந்து பத்தாவது முடித்து வந்தவர்கள். மூன்று மாதம் ஆகியும் பழைய பள்ளிக்காரர்களோடுதான் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். வேதியியல் ஆய்வகத்தில் கலந்து ஜோடி போட்டால், ஒருவர் உப்பைச் சோதிப்பார், இன்னொருவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இவர்களை ஒன்றாக்கத்தான் ஒரு சனிக்கிழமை ஏலகிரியில் ஒரு முகாமுக்கு ஏற்பாடு செய்திருக்கிறேன்.

வகுப்பில் ஒரு பெண் பள்ளி மொட்டை மாடிக்குக்கூட வரமாட்டாள். முகாமில் பேசியவரிடம் இதைச் சொன்னேன். "மேலே ஏத்தி லேசாத் தள்ளிவிட்டா போயிடுவாங்க டீச்சர், எல்லாரும் அப்படித்தான்" என்றார். அந்தப் பேச்சுக்குப் பிறகு எனக்குத் தூக்கமே இல்லை. அவளை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மலைக்கயிறு:
டீச்சர், முதலில் அந்த முகாமை மாற்றுங்கள். உத்தரகாசி நேரு மலையேற்ற நிறுவனத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்து, ஆறு வருடம் முகாம்களில் வேலை பார்த்தவன் நான். 'தள்ளிவிடுவது' என்று ஒரு முறையே கிடையாது. 2018 ஜூலையில் கோவை அருகே ஒரு கல்லூரியில் பேரிடர் பயிற்சி என்ற பெயரில் தயங்கி நின்ற 19 வயது மாணவியை இரண்டாம் மாடியிலிருந்து தள்ளினார்கள். சன்ஷேடில் தலை மோதி இறந்துபோனாள். அந்தச் செய்தியை நான் இன்னும் மறக்கவில்லை.

புது இடத்தில் நீங்களே நேரில் போய்ப் பாருங்கள். இடுப்பு வாரில் தயாரித்த வருடம் தைத்திருக்கும். பத்து வருடத்துக்கு மேல் போனதைத் தொடவேண்டாம். வார் இடுப்பெலும்புக்கு மேலே நிற்க வேண்டும், கீழே இறங்கினால் தளர்வு. கயிற்றில் போடும் '8' வடிவ முடிச்சைக் கட்டியவர் ஒருமுறையும் வேறொருவர் ஒருமுறையும் பார்க்க வேண்டும். கயிற்றை வாரோடு மாட்டும் கொக்கியின் திருகு மூடியிருக்க வேண்டும். செப்டம்பரில் மதியத்துக்கு மேல் இடி வரும், இடிச் சத்தம் கேட்டால் உயரத்தில் கட்டிய கம்பிவடத்தில் ஒருவரும் இருக்கக்கூடாது. அதனால் உயரமானதெல்லாம் 1 மணிக்குள் முடியட்டும்.

அந்தப் பெண்ணுக்குத் தரையில் நிஜமான வேலை இருக்கிறது. ஏறுசுவரில் பயிற்சியாளர் கயிற்றைப் பிடிப்பார். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் மிச்சக் கயிற்றை இழுத்துப் பிடித்து நிற்க வேண்டும். மேலே இருப்பவன் நம்புவது அந்தக் கைகளைத்தான். ஏறச் சொல்லி ஒருமுறை கேளுங்கள். வேண்டாம் என்றால் மறுபடி கேட்காதீர்கள். கைதட்டி உசுப்பேற்ற மற்றவர்களையும் விடாதீர்கள்.

வாணியம்பாடி அம்மா:
என் பொண்ணு போன வருஷம் இதே மாதிரி போய்வந்தாள், அந்த அனுபவத்தில் சொல்கிறேன் டீச்சர். துப்பட்டா வேண்டாம், சுடிதார் பேன்ட்டும் டி-ஷர்ட்டும் போதும், பின்னலை மடித்து ஹெல்மெட்டுக்குள் விடவேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் பையன்கள் முன்னால் கூசிப்போவார்கள். மாதவிலக்கு நாள் என்றால் காதில் வந்து சொல்ல ஒரு டீச்சர் கூடவே இருக்கட்டும்.

மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு. காலையில் வயிறு முட்ட பூரி தின்றால் பாதியிலேயே வாந்திதான், இட்லி இரண்டு போதும். ஒவ்வொரு வளைவிலும் புலவர்கள், வள்ளல்கள் பெயரில் பலகை இருக்கும். முந்திப் படிப்பவர் யார் என்று விட்டால் பிள்ளைகள் வெளியே பார்த்துக்கொண்டே வருவார்கள், தலை சுற்றாது. அப்புறம், பெற்றோரில் பாதிப் பேர் ஷூ கம்பெனி ஷிப்டில் இருக்கிறோம், நேரில் வந்து கேட்க முடியாது. ஒப்புதல் கடிதத்தில் 'சாகச விளையாட்டு' என்று மட்டும் எழுதாமல், எத்தனை அடி உயரம், என்ன செய்யப்போகிறார்கள் என்று எழுதுங்கள்.

பி.இ.டி. சார்:
குழுவைப் பிள்ளைகள் பிரிக்கக்கூடாது, நீங்களும் பிரிக்காதீர்கள். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். மதியத்துக்குப் பொட்டலம் கொடுத்தால் பழைய கூட்டத்தைத் தேடிக்கொண்டு போய்விடுவார்கள். குழுவுக்கு ஒரு குண்டான் சோறு, ஒரு கரண்டி, பரிமாற ஒருவர். நான் இப்படித்தான் செய்வேன்.

ஆம்பூர் டீச்சர்:
மூவருக்கும் நன்றி. முகாமை மாற்றிவிட்டு நேற்றுத்தான் போய்வந்தோம்.

காலையில் கயிற்று வலை. ஒரு குழுவின் ஏழு பேரும் கயிறு மேலே படாமல் வலையின் ஓட்டைகள் வழியே மறுபக்கம் போகவேண்டும், ஒரு ஓட்டையை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். முதல் அரைமணி நேரம் ஒரே சண்டை. எடை கூடிய பையன் ஒருவனை நாலு பேர் கிடைமட்டமாகத் தூக்கிக் கடத்தியபோது அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டு மூச்சுகூட விடவில்லை. மறுபக்கம் கால் ஊன்றியதும் நாலு பேர் பெயரையும் கேட்டான். மூன்று மாதம் ஒரே வகுப்பில் இருந்தவர்கள்!

அந்தப் பெண்ணிடம் ஒருமுறை கேட்டேன். "வேணாம் மிஸ்" என்றாள். சரி என்று கையுறை கொடுத்தேன். 30 அடிச் சுவரில் ஏறியவன் வேறு பள்ளியிலிருந்து வந்தவன், அவளோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. முக்கால்வாசி போனதும் கால் வழுக்கிக் கயிற்றில் தொங்கினான். பின்னால் பிடித்திருந்த இவள் குதிகாலை மண்ணில் ஊன்றிச் சாய்ந்து நின்றாள், செருப்பு வார் ஒன்று அறுந்தது. (அடுத்த முறை எல்லாருக்கும் ஷூ, இது என் தவறு.) "விட்டுடாத!" என்று கத்தினான். வகுப்பில் வருகைப்பதிவுக்கே குரல் வராத பெண், "புடிச்சிருக்கேன், நீ ஏறு" என்று கத்தியது மரத்தடியில் நின்ற எனக்குக் கேட்டது.

அவள் கடைசிவரை ஏறவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் அந்தப் பையன் அறுந்த செருப்பை வாங்கி வைத்துக்கொண்டு ஊக்கு குத்திக்கொண்டிருந்தான்.