எஞ்சினை இறக்காமல் அம்பாசடர் பிளாக்குக்கு (எஞ்சினின் வார்ப்பிரும்பு உடம்புக்கு) பெயின்ட் அடிக்க முடியுமா?

பாலாறு_பக்கம் (காட்பாடி):

வீட்டில் 1988 மார்க் 4 அம்பாசடர் ஒன்று இருக்கிறது, பெட்ரோல் வண்டி. அப்பா ஓட்டியது. இப்போது ஞாயிற்றுக்கிழமை பாகாயம் வரை ஒரு நடை, முகூர்த்த நாளில் குடியாத்தம், அவ்வளவுதான் அதன் ஓட்டம். வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பானட்டைத் தூக்கினால்தான் மானம் போகிறது. பழைய பெயின்ட் அங்கங்கே செதிலாகத் தொங்குகிறது, மீதி இடமெல்லாம் செம்மண் நிறம். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் துரு அதிகம். கார்புரேட்டர் பக்கம் எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அடை மாதிரி படிந்திருப்பதால் அங்கே துரு இருக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

எஞ்சின் நன்றாக ஓடுகிறது. புகை இல்லை, ஆயில் குடிப்பதில்லை. ஒரு பட்டறையில் கேட்டேன். இறக்கிப் பிரித்துக் கழுவி அடித்தால்தான் பெயின்ட் நிற்கும் என்றார்கள். ஓடுகிற எஞ்சினை அலங்காரத்துக்காக இறக்க எனக்கு மனசு ஒப்பவில்லை. வண்டியில் இருக்கும்படியே அடிக்கலாமா? ஸ்ப்ரேயா, பிரஷ்ஷா? அப்புறம், பெயின்ட் அடித்தால் சூடு வெளியே போகாது, எஞ்சின் ஹீட் ஆகும் என்று பக்கத்து வீட்டு மாமா பயமுறுத்துகிறார். அதையும் சொல்லுங்கள்.

ஸ்பீடு_மச்சி (ஆற்காடு):

தாராளமாக அடிக்கலாம் ப்ரோ. பாத்ரூம் ஆசிட்டில் கொஞ்சம் தண்ணீர் கலந்து துரு மேல் தடவுங்கள், நுரைத்துக்கொண்டு எல்லாம் வந்துவிடும். கழுவி, ஸ்ப்ரே கேன் வாங்கி அடித்தால் சாயங்காலத்துக்குள் முடிந்தது.

பழைய_ஸ்பேனர் (ராணிப்பேட்டை):

தம்பி, அந்த ஆசிட் யோசனை மட்டும் வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக். தடவின இடத்தோடு நிற்காது, அதன் ஆவியே பக்கத்தில் இருக்கிற கார்புரேட்டர், ரேடியேட்டர், ஒயர் முனை எல்லாவற்றையும் அரிக்கும். வார்ப்பிரும்பின் சொரசொரப்பில் தங்கிவிட்டால் எத்தனை முறை கழுவினாலும் முழுசாகப் போகாது. பெயின்டுக்கு அடியிலேயே மறுபடி துரு கிளம்பும்.

பெயின்டைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் துரு ஏன் வந்தது என்று பாருங்கள். காற்று ஈரத்தில் வருகிற துரு மெல்லிசாகப் பழுப்பு ஏறும், அவ்வளவுதான். செதில் விட்டுக் கிளம்பினால் எங்கோ தண்ணீர் இறங்குகிறது என்று அர்த்தம். நம்ம ஊர் போர் தண்ணீரில் ஒரு நல்ல விஷயம், ஒழுகின வழியெல்லாம் வெள்ளைக் கோடு போட்டுக் காட்டிக் கொடுத்துவிடும். வாட்டர் பம்ப் அடியில் பாருங்கள், தெர்மோஸ்டாட் (தண்ணீர் சூடானதும் திறக்கிற வால்வு) மூடி, மேல் ஹோஸ் கிளிப், பிளாக்கில் தண்ணீர் வடிக்கிற குழாய், எல்லாம் பாருங்கள். பக்கவாட்டில் வட்டத் தகடாக இருக்கும் கோர் பிளக்கையும் விடாதீர்கள். கூலன்ட் ஊற்றாமல் வெறும் தண்ணீரில் ஓடின வண்டியில் அது உள்ளிருந்து அரித்துக்கொண்டு வரும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உள்ளே போனால் போகட்டும். பள்ளிகொண்டா டோல்கேட்டில் நின்று தண்ணீர் தேடுவதைவிட வீட்டு வாசலில் ஓட்டை விழுவது எவ்வளவோ மேல்.

கார்புரேட்டர் பக்கம் எண்ணெய் என்றால், மேனிஃபோல்டுக்கு (எஞ்சினோடு கார்புரேட்டரும் புகைக்குழாயும் சேருகிற வார்ப்புக் குழாய்) பின்னால் டாப்பெட் கவர் என்று இரண்டு மூடித் தகடு இருக்கும். அதன் கார்க் கேஸ்கெட் காய்ந்து போயிருக்கும். இந்த எஞ்சினில் அது வழக்கமான சங்கதி. அதை மாற்றாமல் அந்தப் பக்கம் பெயின்ட் அடிப்பது வீண். எண்ணெய் மேல் எதுவும் ஒட்டாது.

சுத்தம் செய்வதில்தான் முக்கால்வாசி வேலை. எஞ்சின் முழுசாக ஆறியிருக்க வேண்டும், பாட்டரி ஒயர் கழன்றிருக்க வேண்டும். கார்புரேட்டர் வாய், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ மூன்றையும் பாலிதீனில் இறுக்கிக் கட்டுங்கள். தகட்டால் அடையைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவித் தேய்த்து, பிறகு சோப்புத் தூள் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். வாட்டர் சர்வீஸில் பிரஷர் போட்டு அடிக்க விடாதீர்கள், அதுவும் சூடான பிளாக்கில் கூடவே கூடாது. கட்டினதை அவிழ்த்து எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டினால் மூலையில் நிற்கிற ஈரம் காயும். ஆறிய பிறகு மறுபடி கட்டி, பாட்டரியைக் கழற்றிவிட்டு வயர் பிரஷ், எமரி தாள். டிரில்லில் கப் பிரஷ் மாட்டினால் கண்ணாடி போடாமல் தொடாதீர்கள், கம்பி தெறிக்கும். மணல் பீய்ச்சுகிற வேலை எஞ்சின் வண்டியில் இருக்கும்போது ஆகாது. ஒரு மணல் உள்ளே போனால் பேரிங் போச்சு.

ஒட்டிக்கொண்டிருக்கிற பழுப்புக் கறை போகாது, போக வேண்டியதும் இல்லை. அதன் மேல் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவைக் கெட்டியான படலமாக மாற்றுகிற திரவம்) மெல்லிசாகத் தடவி, டப்பாவில் போட்டிருக்கிற நேரத்துக்குக் காய விட்டு, மிச்சத்தைத் துடைத்து எடுங்கள். கடைசியாகத் தின்னர் துணி. துணியில் கறுப்பு வராத வரை துடையுங்கள்.

பெயின்ட் பிரஷ்ஷில்தான். ஸ்ப்ரே ஹோஸ் மேலும் ஒயர் மேலும் படியும், பிளாக்கின் பின்பக்கம் போகவே போகாது. அரை இஞ்சு பிரஷ், கூடவே கையடக்கக் கண்ணாடி, டார்ச். எஞ்சின் எனாமல் இரண்டு கை, இரண்டும் மெல்லிசாக. தடிமனாகப் பூசினால் சூட்டில் வழன்று வரும். பிளாக்கின் வெளிப்புறம் 100 டிகிரி சுற்றித்தான் வரும். தெர்மோஸ்டாட்டே 82-ல் திறந்துவிடும், நம்ம ஊரில் பாதிப் பேர் அதைக் கழற்றிப் போட்டிருப்பார்கள் என்பது வேறு கதை. புகை மேனிஃபோல்டுக்கு இந்த பெயின்ட் நிற்காது. அது பல நூறு டிகிரி போகும், அதற்கு 600 டிகிரி தாங்கும் சில்வர் தனியாகக் கிடைக்கிறது. மேனிஃபோல்டைக் கழற்ற ஆசைப்படாதீர்கள். பழைய ஸ்டட் உடைந்தால் பெயின்ட் வேலை டிரில் வேலையாகிவிடும். பிரஷ் போகிற வரை போதும்.

மாமாவிடம் சொல்லுங்கள், எஞ்சின் சூட்டை எடுப்பது தண்ணீரும் ரேடியேட்டரும். இரண்டு கை பெயின்ட் ஒன்றும் செய்யாது. இப்போது படிந்திருக்கிற எண்ணெய் அடைதான் அதைவிடப் பெரிய போர்வை.

மரப்பட்டை (ஆம்பூர்):

ஸ்பேனர் அண்ணன் சொன்னதோடு ஒன்று. பாஸ்பாரிக் கிடைக்காவிட்டால் டேனிக் ஆசிட் (மரப்பட்டையில் இருக்கிற துவர்ப்புச் சத்து) கலந்த கன்வெர்ட்டரும் உண்டு, தடவினதும் துரு நீலக் கறுப்பாக மாறும். எங்கள் தொழிலில் இது தெரிந்த விஷயம்தான். ஆவாரம் பட்டை, கடுக்காய் போட்டுத் தோல் பதனிடுகிற இடத்தில் இரும்பு வாளியை அண்ட விடமாட்டோம். ஒரு துளி இரும்பு பட்டாலும் தோலில் கறுப்புக் கறை, பிறகு போகாது. தோலுக்கு எது கேடோ அதுவே துருவுக்கு மருந்து. அதற்காகக் கடுக்காயைக் கொதிக்க வைத்துத் தடவாதீர்கள். வீட்டுக் கஷாயத்தில் கறுப்பு வரும், மேலே படலமாக நிற்காது. கடையில் விற்பதில் ரெசினும் சேர்ந்திருக்கும்.

பாலாறு_பக்கம்:

ஸ்பேனர் அண்ணே, நீங்கள் சொன்ன வெள்ளைக் கோடு அப்படியே இருந்தது. தெர்மோஸ்டாட் மூடியிலிருந்து இறங்கி டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் போகிறது. கோர் பிளக் எல்லாம் கெட்டியாக இருக்கிறது. மூடியின் கேஸ்கெட்டும் டாப்பெட் கவர் கார்க்கும் வேலூரில் சொல்லி வைத்திருக்கிறேன். சித்திரை வெயிலில் அடித்தால் சீக்கிரம் காயும் என்று நினைக்கிறேன், சரியா? என்ன நிறம் அடிக்கலாம்? கறுப்பு எடுப்பாக இருக்கும் என்று தோன்றுகிறது.

பழைய_ஸ்பேனர்:

நம்ம ஊர் சித்திரை வெயிலில் மதியம் பிளாக்கில் கை வைக்க முடியாது தம்பி. பிரஷ் இழுக்கிற இடத்திலேயே காய்ந்து வரி வரியாக நிற்கும். விடியற்காலையில், நிழலில் வைத்து அடியுங்கள். ஐப்பசி மழை வரை தள்ளவும் வேண்டாம். அப்போது ராத்திரி தேய்த்து வைத்த இரும்பு காலையில் பழுத்திருக்கும்.

கறுப்பு வேண்டாம். வெளிர் சாம்பல் அல்லது வெளிர் பச்சை அடித்தால் அடுத்த முறை எண்ணெயோ தண்ணீரோ கசிந்தால் அன்றைக்கே கண்ணில் படும்.

எஞ்சின் நம்பர் இருக்கிற இடத்தில் பிரஷ் படாமல் டேப் ஒட்டிவிடுங்கள். அடுத்த முறை ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது நம்பர் தெளிவாகத் தெரியவில்லை என்றால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அலைய வேண்டியிருக்கும். எர்த் ஒயர் போல்ட் உட்காருகிற இடத்திலும் பெயின்ட் கூடாது. அங்கே இரும்பு பளிச்சென்று இருக்கட்டும், இல்லாவிட்டால் செல்ஃப் இழுக்காது.