புதுப்பிப்பு: அப்பாவின் ஜவ்வு விலகலுக்கு எண்டோஸ்கோப்பி முறையில் அறுவை முடிந்தது

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. காவேரிப்பட்டணத்தில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் அப்பாவுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பில் எல்4, எல்5 என்ற இரண்டு எலும்புகளுக்கு நடுவே உள்ள ஜவ்வு விலகி இடது காலில் வலி இறங்குகிறது, அந்த எலும்புகளை அசையாமல் பிணைக்கக் கம்பியும் திருகும் வைக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது, "குனிந்தும் நிமிர்ந்தும் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள்" என்ற யோசனைதான். எம்ஆர்ஐ படுத்த நிலையில் எடுப்பது. எலும்பு நகர்வது அதில் தெரியாமல் போகலாம். கிருஷ்ணகிரியிலேயே எடுத்தோம். நகரவில்லை. அப்படியானால் கம்பி வைத்துப் பிணைக்கத் தேவையில்லை, பிதுங்கிய ஜவ்வுத் துண்டை மட்டும் எடுத்தால் போதும் என்றார் பெங்களூரில் பார்த்த இரண்டாவது டாக்டர்.

இடுப்பின் பக்கவாட்டில் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவான துளை. அதன் வழியே கேமரா உள்ள மெல்லிய குழாயை (எண்டோஸ்கோப்) விட்டுச் செய்தார்கள். முழு மயக்கம் இல்லை, மரத்துப்போக ஊசிதான். கருவி நரம்பில் பட்டால் நோயாளி உடனே சொல்ல வேண்டுமே. "கால் கட்டைவிரலைத் தூக்குங்க" என்று நடுநடுவே கேட்டார்களாம். அன்று மாலையே எழுந்து நடந்தார்.

எதிர்பாராதது ஒன்று: கால்வலி போனது, ஆனால் சில நாளில் காலில் எரிச்சல் வந்தது. ரொம்பப் பயந்துவிட்டோம். கருவி நுழையும் வழியில் உள்ள நரம்பு முடிச்சு உரசப்பட்டால் இப்படி வருமாம். மாத்திரையில் குறைந்து வருகிறது. இதை டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். கால் கட்டைவிரலில் பலம் இன்னும் முழுதாகத் திரும்பவில்லை. மண்டியில் பெட்டி தூக்க இப்போதைக்குத் தடை.