பிளாட்ஃபார்முக்கு ‘தளம்’ ஒட்டல, ‘மணை’ எப்படி?

வணக்கம் நண்பர்களே,

கம்ப்யூட்டர் பாகங்களுக்கு நாம இங்க தமிழ்ச் சொல் தேடிக்கிட்டிருக்கோம், அதுல தாய்ப்பலகை (மதர்போர்டு), செயலி (பிராசஸர்) ரெண்டும் ஓரளவு புழங்கியாச்சு (செயலின்னா இப்ப ஆப்புன்னும் ஆகிட்டதால "இந்தச் செயலி அந்தச் செயலியில ஓடாது"ன்னு எழுத வேண்டியிருக்கு, அது தனிப் பஞ்சாயத்து). ஆனா கேமிங் பிசி கட்டப் போறவன் கேக்குற முதல் கேள்வியே "எந்த பிளாட்ஃபார்ம்ல போறது?"ங்கறதுதான் (ஒண்ணோட ஒண்ணு ஒத்துப்போற செயலி, போர்டு, ரேம் குடும்பம்தான் பிளாட்ஃபார்ம்), அதுக்கு நம்மகிட்ட இருக்கிறது 'தளம்' ஒண்ணுதான். வெப்சைட்டும் தளம், விண்டோஸும் இயங்குதளம், மொட்டை மாடியில போடுற காங்கிரீட்டும் தளம். இதுல ஏஎம்டி கம்பெனியோட ஏஎம்5ஐயும் கொண்டுபோய் ஏத்தினா யாருக்குப் புரியும்? இங்க ஒருத்தர் 'நடைமேடை'ன்னு எழுதியிருந்தார், அதை அக்கா பையன்கிட்ட சொன்னேன், "எக்மோர்ல எத்தனாவது மாமா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டான்.

அவனுக்குத்தான் இப்ப பிசி கட்டிக் கொடுக்கணும், அதுல உக்காந்து யோசிச்சப்பதான் இந்த வார்த்தை சிக்கல் சரியா பிடிபட்டுச்சு. முதல்ல சாக்கெட்ட, அதாவது போர்டுல செயலி உக்கார்ற இடத்த, எடுத்துக்குவோம். பொருத்துவாய், செருகுவாய், குழின்னு மூணு பேர் மூணு சொல் சொல்லியிருக்கீங்க. ஏஎம்5க்கு முந்தின ஏஎம்4 வரைக்கும் அது சரிதான், செயலியோட அடியில 1331 ஊசி இருக்கும், போர்டுல அத்தனை துளை. ஏஎம்5ல கதை தலைகீழ். 1718 ஊசியும் போர்டு மேல நிக்குது, செயலியோட அடி வழவழன்னு, தங்கப் பொட்டு வச்ச மாதிரி இருக்கு. இன்டெல் டெஸ்க்டாப்ல ரொம்ப நாளாவே இப்படித்தான். இங்க செருகுறதுக்கு எதுவுமே இல்லீங்க. நெம்பிய தூக்கி, மூலையில இருக்கிற சின்ன முக்கோணக் குறிய பாத்து, பூ வைக்கிற மாதிரி உக்கார வச்சு, கைய எடுத்துட்டு, மறுபடி நெம்பிய இறக்கணும், அவ்வளவுதான். செருகுவாய்ன்னு பேர் வச்சா எவனாவது கட்டைவிரல வச்சு அழுத்துவான், ஊசி வளைஞ்சா போர்டு போச்சு.

உக்கார வைக்கிற இடத்துக்கு நம்ம வீட்டுல ஏற்கனவே சொல் இருக்கு: மணை. துருவுமணை, அருவாமணை, கல்யாணத்துல பொண்ணு மாப்பிள்ளைய உக்கார வைக்கிற மணை. எங்க ஆத்தா வச்சிருந்த அருவாமணையில அருவா தேஞ்சு தேஞ்சு நூலாட்டம் ஆகி, கொல்லர்கிட்ட குடுத்து வேற போட்டாங்க, பலகை அதேதான். ஏஎம்4க்காரங்க செஞ்சதும் இதேதானே? 2017ல முதல் ரைசன் செயலியோட வாங்கின பி350 போர்டுலயே, பயாஸ் (போர்டுலயே இருந்து பிசிய எழுப்புற மென்பொருள்) அப்டேட் வந்ததும், 2022ல 5800எக்ஸ்3டி செயலிய மாட்டினவங்க இருக்காங்க. 32 எம்பி எல்3 கேஷ் (செயலிக்குள்ளயே இருக்கிற வேகமான நினைவகம்) இருந்த 5800எக்ஸ் மேல இன்னொரு அடுக்கு ஏத்தி 96 எம்பி ஆக்கின சிப் அது, கேமுக்குன்னே செஞ்சது. அருவா புதுசு, மணை பழசு.

சரி, அப்ப பிளாட்ஃபார்முக்கும் மணைன்னே வச்சுரலாமான்னா, அங்கதான் நான் ஒரு வாரமா முட்டிக்கிட்டு நிக்கிறேன். கடையில "ஏஎம்5ல போங்க சார்"னு சாக்கெட் பேரச் சொல்லித்தான் மொத்தத்தையும் சொல்றாங்க, அதனால ஒரே சொல் போதும்னு தோணும். ஆனா இன்டெலோட 1151 சாக்கெட் இருக்கு பாருங்க, 2015ல ஸ்கைலேக் தலைமுறை செயலி வந்த அதே 1151 பேர்லதான் 2017ல காஃபி லேக் தலைமுறையும் வந்துச்சு, உக்கார வச்சா உக்காரும், ஆனா பழைய 100, 200 வரிசை போர்டுல ஓடாது, புது 300 வரிசை சிப்செட் (செயலியையும் மத்த பாகங்களையும் இணைக்கிற, போர்டுல இருக்கிற சிப்) வேணும்னுட்டாங்க. இன்டெலோட 1700ல இன்னொரு கூத்து, ஒரே சாக்கெட், ஆனா போர்டப் பொறுத்து ரேம் டிடிஆர்4 இல்லன்னா டிடிஆர்5. ஆக மணை ஒண்ணா இருந்தும் குடித்தனம் நடக்கல.

எனக்கே 2021ல அனுபவம். பி450 போர்டும் ரைசன் 5600எக்ஸ் செயலியும் ஒரே கடையில, ஒரே பில்லுல வாங்கினேன். ஃபேன் சுத்துது, லைட் எரியுது, மானிட்டர்ல ஒண்ணும் வரல. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ரேம மாத்தி மாத்தி குத்திப் பாத்துட்டு அப்புறம்தான் தெரிஞ்சுது, போர்டுல இருந்த பயாஸ் அந்தச் செயலி பொறக்கறதுக்கு முன்னாடி எழுதினது. மாப்பிள்ளை மணையில உக்காந்துட்டார், பொண்ணு வீட்டுக்கு அவர் யாருன்னே தெரியல. கடைக்காரர் "அது எங்க வேலை இல்ல சார்"னுட்டார். கூட வேலை பாக்குற ஒருத்தர்கிட்ட பழைய ரைசன் 2600 ஒண்ண இரவல் வாங்கி மாட்டி, பயாஸ ஏத்தி, மறுபடி கழட்டி இதை மாட்டி... செயலி சூடு கடத்தத் தடவுற பேஸ்ட்டுக்கே தனியா செலவு.

அதனால நான் சொல்றது, சாக்கெட்டுக்கு மணை, பிளாட்ஃபார்முக்கு மணைக்கூட்டு. மணை, சிப்செட், ரேம் வகை, பயாஸ் எல்லாம் சேந்த கூட்டு. 'மணைக்கட்டு'ன்னு முதல்ல யோசிச்சேன், மணிக்கட்டு மாதிரி கேக்குதுன்னு வீட்டுல சிரிச்சுட்டாங்க. கூட்டுன்னா பூசணிக்காய் கூட்டு ஞாபகம் வருதேன்னா, வரட்டும், அதுலயும் பருப்பு வேகலன்னா மொத்தமும் கெட்டுரும்.

எழுதிப் பாத்தா இப்படி வருது: "இன்டெலோட 1851 மணைக்கூட்டு 2024ல வந்தது, டிடிஆர்5 மட்டும்தான், 1700 மணையில 12, 13, 14ன்னு மூணு தலைமுறை உக்காந்தாச்சு, கையில காசு கம்மின்னா டிடிஆர்4 ஏற்கனவே இருக்கிறவங்க ஏஎம்4 மணைக்கூட்டுலயே இருக்கலாம், புதுசா கட்டுறவங்க ஏஎம்5ல பி650 போர்டும் ரைசன் 7600ம் எடுத்தா பின்னாடி அதே மணையில 9800எக்ஸ்3டிய உக்கார வைக்கலாம்." எனக்கு நாக்குல ஒட்டுது. பையனுக்கும் கடைசியா சொன்ன கூட்டுதான் முடிவாகியிருக்கு.

வரப்போற எதிர்ப்பு ரெண்டு. ஒண்ணு, மணைன்னாலே பலகைதான், தாய்ப்பலகை மேல இன்னொரு பலகையான்னு. ஆமா, நியாயம்தான், ஆனா துருவுமணைன்னு சொல்றப்ப யாரும் மரத்தை நினைக்கிறதில்ல. ரெண்டாவது, மூணு சுழி 'ண'வ ரெண்டு சுழி 'ன'வா டைப் பண்ணி அது வீட்டுமனை ஆகிரும். இதுக்கு என்கிட்ட மருந்து இல்ல, 9800எக்ஸ்3டி விலையப் பாத்தா அதுவும் பொருந்தும்போலத்தான் இருக்கு.

சிப்செட்ட இன்னும் தொடல. சில்லுத்தொகுதின்னு பலர் எழுதுறாங்க, ஆனா யாழ்ப்பாணத்துல சில்லுன்னா வண்டிச் சக்கரம், அங்கிருந்து படிக்கிறவங்களுக்கு அது நாலு வீல் செட்டாத்தான் கேக்கும். அந்தப் பக்கத்து ஆட்கள் என்ன சொல்றீங்க, போர்டு விக்கிற கடையில நீங்க எப்படிக் கேப்பீங்க?