பிரஸ் கிட் அனுப்பியபோது நடந்தவை: வட இலங்கையின் வன்னிக் கலைஞர்களின் அனுபவப் பகிர்வு

கிளிநொச்சிப் பாட்டு
கொழும்பில் ஒரு இசை நிகழ்ச்சி. யார் நடத்தினார்கள் என்பது வேண்டாம். பிரஸ் கிட் கேட்டார்கள். வழமையான சாமான்தான்: அறிமுகம், படம், பாட்டு இணைப்பு, மேடைத் தேவை. ஒழுங்காக அனுப்பினேன். அறிமுகத்தில் என் குருவின் பெயர், வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகள் முடித்துக் கலாவித்தகர் பட்டம் பெற்றது, எந்தக் கோயில்களில் பாடி வருகிறேன், அன்றைக்கு எடுக்கப்போகும் உருப்படிகள். அவ்வளவுதான் எழுதியிருந்தேன்.

மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறேன். தம்புரா ஓடுகிறது, வயலின் அக்கா கடைசியாக ஒருமுறை சுருதி பார்க்கிறார். அறிவிப்பாளர் தாளை விரித்து வாசிக்கத் தொடங்கினார். போரில் எல்லாவற்றையும் இழந்த வன்னி மகளாம், கண்ணீரைப் பாட்டாக்கியவளாம். குருவின் பெயர் வரவில்லை. ராகத்தின் பெயர் வரவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா கைலேஞ்சியை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

அன்றைக்கு நான் எடுக்க இருந்தது கல்யாணி ராகம். அந்த அம்மா காத்திருந்தது ஒப்பாரிக்கு.

இழப்பு இல்லை என்று சொல்லவில்லை. 2009 போரைத் தாண்டி வந்த எந்த வீட்டில் இழப்பு இல்லை? ஆனால் அதை எப்போது, யாரிடம், எந்த மேடையில் சொல்வது என்பதை நான்தான் முடிவு செய்ய வேண்டும். வேறு ஒருவர் என் பெயருக்கு மேலே அதை ஒட்டி வைக்கக் கூடாது. நல்லாகத்தான் பாடினேன், கைதட்டலும் வந்தது. ஆனால் பாட்டுக்குத் தட்டினார்களா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. வேறு யாருக்காவது இப்படி நடந்ததா?

மாங்குளம் ஒக்டோபாட்
அக்கா, எங்களுக்கு நடந்தது நேர் எதிர். எங்களுடையது கோயில் திருவிழா, கலியாண வீடு எல்லாம் செய்யும் இசைக்குழு. தெற்குப் பக்கம் நிகழ்ச்சி எடுத்துத் தரும் ஒருவருக்குக் கிட் அனுப்பினோம். பாட்டுப் பட்டியலில் இளையராஜா, ரஹ்மான், கொஞ்சம் சிங்களப் பாட்டு, கடைசியில் பைலா. அவர் பாட்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. போன் எடுத்து, “வன்னி என்று போட்டிருக்கிறது, ஏதும் பிரச்சினையான பாட்டு வராதுதானே?” என்றார்.

அன்று பின்னேரமே கொமினிகேசன் கடைக் கணினிக்கு முன்னால் இருந்து எங்கள் குழுத் தலைவர் முதல் வரியில் இருந்த ‘வன்னி’யை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் அண்ணை என்றேன். “ஏழு பேருக்குச் சம்பளம் குடுக்கோணும் தம்பி” என்றார். நிகழ்ச்சி கிடைத்தது. அந்த வரியில் இப்போது ‘வட மாகாணம்’ என்று இருக்கிறது. உங்கள் கோபம் சரிதான் அக்கா. ஆனால் உங்களுக்கு ஊரின் பெயரைக் கூட்டி வாசித்தார்கள், எங்களுக்கு அது இருந்தால் வேலை இல்லை. இரண்டிலும் பாட்டை யாரும் கேட்கவில்லை.

பரந்தன் சவுண்ட்
நான் பாடுபவன் இல்லை, சவுண்ட் செய்பவன். கிட் வாசிப்பது நான்தான் என்பதால் எழுதுகிறேன்.

ஒரு திருவிழா, நாதஸ்வரம், தவிலோடு கீபோர்ட் சேர்ந்த கச்சேரி. எனக்கு வந்த கோப்பு முழுக்கப் பொன்னாடை போர்த்தும் படங்கள். எத்தனை பேர், எங்கே இருப்பார்கள், என்ன மைக் என்று ஒரு வரி இல்லை. தவிலுக்கு ஒரு மைக்தான் மிஞ்சியது, வலந்தலை என்கிற வலது முகத்தின் பக்கம் வைத்தேன். முதல் தீர்மானத்திலேயே, அதாவது சொற்கட்டை முடிக்கும் இடத்திலேயே, தவில்காரர் வாசித்தபடி தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். மற்ற முகமான தொப்பிப் பக்கம் வெளியே கேட்கவே இல்லை. அத்தனை சனத்துக்கு முன்னால் அந்தப் பெரிய மனுசன் பாதித் தவில்தான் வாசித்தார்.

ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன். முதலில் ஒரு பக்கத்தில் மேடை வரைபடம் போடுங்கள். கையால் கீறிப் படம் எடுத்தாலும் போதும், யார் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். அதற்குக் கீழே சானல் பட்டியல்: தவிலுக்கு இரண்டு, நாதஸ்வரம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, கீபோர்ட்டுக்கு டிஐ பாக்ஸோடு (வாத்தியத்தை மைக் இல்லாமல் நேரே மிக்சரில் இணைக்கும் பெட்டி) இடம் வலம் என்று இரண்டு, ஒக்டோபாட் என்கிற மின் தாளக் கருவிக்கும் அப்படியே. யாருக்கு மொனிட்டர் (தன் வாசிப்பைத் தானே கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கர்) வேண்டும் என்பதையும் எழுதுங்கள். பொன்னாடைப் படம் எனக்கு ஒன்றும் சொல்லாது. பத்திரிகைக்காரருக்கும் சொல்லாது, அவருக்குத் தேவை முகம் தெளிவான படம், கிடையாக ஒன்று, நிமிர்ந்து ஒன்று. ஏ4 அளவில் அச்சுக்குப் போக 300 டிபிஐ என்றால் 2480க்கு 3508 பிக்சல் வேண்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், பிறகு பதாகையில் உங்கள் முகம் கட்டம் கட்டமாகத்தான் வரும். டொக்கியுமென்ட் என்று தெரிவு செய்து அனுப்புங்கள். படம் எடுத்தவரின் பெயரையும் கீழே போடுங்கள், அது அவருக்குச் சேர வேண்டிய மரியாதை. கூகுள் டிரைவ் இணைப்பு என்றால், இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம் என்று திறந்து விடுங்கள். இரவு பத்து மணிக்குப் பத்திரிகைப் பக்கம் கட்டுகிற ஆள் உங்களிடம் அனுமதி கேட்டுக் காத்திருக்க மாட்டார், அடுத்தவரின் செய்தியைப் போட்டுவிட்டுப் போவார்.

அறிமுகம் ஒன்று காணாது. ஐம்பது சொல்லில் ஒன்று, நூற்றைம்பது சொல்லில் ஒன்று, மேடையில் வாசிக்க வேறொன்று. அக்கா, அந்த மூன்றாவது தாளில் ‘இதை இப்படியே வாசிக்கவும்’ என்று மேலே போட்டுக் கொடுத்திருந்தால் உங்களுக்கு அது நடந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கிளிநொச்சிப் பாட்டு
தம்பி, மேடைத் தாளும் தனியாகத்தான் அனுப்பினேன். நீங்கள் சொன்ன அதே வரியோடு. மாற்றியது அவர்கள். எல்லாவற்றையும் கிட்டில் போட்டுச் சரிப்படுத்தலாம் என்று சொல்லாதீர்கள்.

மல்லாவித் தவில்
பரந்தன் தம்பி சொன்னது எனக்கு நெஞ்சில் பட்டது. அந்தக் கச்சேரியில் இருந்தது நான் இல்லை, ஆனால் தொப்பி கேட்காத மேடை எந்தத் தவில்காரருக்கும் தெரியும்.

என்னுடையது வேறு. எங்கள் தவில் செட்டின் விபரத்தைக் கடையில் பாமினி என்ற பழைய, யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்துத் தந்தார்கள், இங்கே கடைகளில் அதுதான் வழக்கம். வெளிநாட்டில் ஒரு கோயில் கேட்டது, அந்தக் கோப்பு அப்படியே போனது. அங்கே பாமினி இல்லாத கணினியில் திறந்திருக்கிறார்கள். நோட்டீஸ் அச்சாகி வந்த பிறகுதான் படம் அனுப்பினார்கள். என் படம் இருக்கிறது. கீழே பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்து ஒரு வரி. அப்பாவின் பெயரும் அதற்குள்தான் இருந்தது. அப்பா கண்ணாடியைப் போட்டுப் போனை வாங்கிப் பார்த்தார். எங்கே என்ரை பேர் என்று கேட்டார்.

யூனிகோடில் அடியுங்கள். இல்லாவிட்டால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். இதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியாது.

முள்ளியவளைக் கூத்து
நீங்கள் எல்லோரும் அனுப்ப ஏதாவது இருப்பவர்கள். எங்களுக்கு அனுப்ப என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

கோவலன் கூத்து, முல்லை மோடி, அதாவது முல்லைத்தீவுப் பாணி. விடிய விடிய ஆடுவது. கொழும்பில் இருந்து ஒரு படிவம் வந்தது: மூன்று நிமிட வீடியோ, பாடகர் பெயர், முன்னைய பத்திரிகைச் செய்திகள். கூத்தைப் பழக்கும் எங்கள் அண்ணாவியாரிடம் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். மூன்று நிமிடம் என்றதும், கண்ணகி சிலம்பைக் கழற்றிக் கொடுக்கிறதுக்கே அது காணாது என்றார். சரி, வீடியோவை எப்படியோ வெட்டலாம். பத்திரிகைச் செய்திக்கு எங்கே போவது? அவர் ஒரு தகரப் பெட்டியில் எல்லாம் வெட்டி ஒட்டி வைத்திருந்தவர். கூத்துக் கொப்பி, படங்கள், பாராட்டுப் பத்திரம் எல்லாம். இடம்பெயர்ந்து போகும்போது முல்லைத்தீவுக் கரையில் மாத்தளன் வரைக்கும் கொண்டுபோனார். அதற்குப் பிறகு பெட்டி இல்லை. படிவத்தில் அந்தக் கட்டத்தை நான் வெறுமையாக விட்டேன். பதில் வந்தது: போதிய அனுபவச் சான்று இல்லை. அண்ணாவியாருக்கு அந்த வரியை நான் இன்னும் வாசித்துக் காட்டவில்லை.

கிளிநொச்சித் தங்கச்சி, உங்களுக்கு இழப்பைச் சொல்லாமல் இருக்க உரிமை வேண்டும். எங்களுக்கு அதைச் சொல்லாவிட்டால் அந்த வெறும் கட்டத்தை விளங்கப்படுத்த வழி இல்லை.

மாங்குளம் ஒக்டோபாட்
அண்ணை, நூலகம் இணையத்தளத்தில் தேடிப் பார்த்தீர்களா? ஈழத்துப் பழைய பத்திரிகைகள், சஞ்சிகைகள், விழா மலர்கள் என்று நிறைய மின்வருடி ஏற்றி வைத்திருக்கிறார்கள். கோயில் மலர்களிலும் பாடசாலை மலர்களிலும் கூத்து ஆடியவர்களின் பெயர் வரும். அண்ணாவியார் எந்த ஆண்டு எங்கே ஆடினார் என்று அவரிடமே கேட்டு எழுதிக்கொண்டு, அந்த ஆண்டு மலர்களைப் பாருங்கள். பிரதேச செயலகத்தில் கலாசார உத்தியோகத்தரிடம் ஒரு உறுதிக் கடிதமும் கேளுங்கள். அவர்கள் கலாசார விழா நடத்தும்போது மலர் அடிப்பார்கள், அதில் இல்லாமல் போகாது. அந்தக் கட்டத்தை வெறுமையாக விடவே வேண்டாம். சேகரிப்பு 2009இல் அழிந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அது இரக்கம் கேட்பது இல்லை, தகவல்.

முள்ளியவளைக் கூத்து
நேற்று இரவு இருந்து தேடினேன் தம்பி. ஒரு பழைய மலரில் அண்ணாவியாரின் பெயர் இருக்கிறது, தலைப்பெழுத்து மாறி. ஆனால் ஊரும் பாத்திரமும் சரி, அவரேதான். பக்கத்தை அச்செடுத்துக் கொடுத்தேன். தலைப்பெழுத்தைப் பேனையால் வெட்டித் திருத்திவிட்டு, இனி அனுப்பு என்றார்.

வீடியோ வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடியத்தான். வைகாசியில் இங்கே ஒருவரும் வீட்டில் இருக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் வைக்கிறோம். பரந்தன் தம்பி, அன்றைக்கு நீங்கள் வர முடியுமா? மத்தளத்துக்கும் இரண்டு மைக் வேண்டும்.